உள்ளே இருப்பதை எழுதிக் கொடுங்கள்

பித்தப்பையை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரின் வயிற்றுக்குள் பெரும்பாலும் நான்கைந்து சிறிய கிளிப்புகள் தங்கிவிடுகின்றன. அவை யாரும் மறந்து விட்டவை அல்ல. பித்தப்பையின் குழாயையும் அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியையும் வெட்டுவதற்கு முன், இரண்டின் வாயையும் இறுக்கி மூட வைத்தியர் வேண்டுமென்றே வைப்பவை. பெரும்பாலும் டைட்டேனியத்தில் செய்தவை. துருப்பிடிக்காது, காந்தம் இழுக்காது, ஆயுள் முழுக்கக் கிடந்தாலும் அனேகருக்கு ஒரு தொந்தரவும் தராது. வைத்ததில் குற்றமில்லை. உள்ளே இப்படி ஒன்று இருக்கிறது என்று அந்த மனிதருக்குச் சொல்லாமல், ஒரு வரி எழுதியும் கொடுக்காமல் அனுப்பிவிடுவது குற்றம்.

இலங்கையின் வன்னியில் இந்தக் குற்றத்தின் எடை வேறு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வைத்தியசாலைகளில் நாற்பது வயதைத் தாண்டிய, பித்தப்பை எடுத்த ஒரு பெண்ணின் வயிற்று எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டினால், வலப்பக்க விலா எலும்புகளின் கீழே கிளிப்புகள் ஒரே அளவான சிறு கோடுகளாகத் தெரியும். அதே படத்தில் இடுப்பெலும்பின் அருகிலோ முள்ளந்தண்டின் பக்கத்திலோ வேறு வெள்ளைப் புள்ளிகளும் கிடக்கலாம். ஒன்று அரிசி மணியளவு, ஒன்று நகமளவு, ஒன்றின் முனை கூர்ந்திருக்கும், ஒன்றின் ஓரம் கிழிந்திருக்கும். எறிகணைச் சிதறல்கள். சனம் சொல்வது ‘பீஸ்’ என்று. கிளிப்பை வைத்த கை எது என்று கேட்டால் பதில் கிடைக்கும். பீஸை வைத்தது யார் என்ற கேள்விக்கு, போர் முடிந்த 2009 இலிருந்து பதில் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே உடம்பில் இருக்கின்றன. இரண்டையும் பற்றி அந்தப் பெண்ணின் கையில் பெரும்பாலும் ஒரு கடதாசியும் இல்லை.

இது தற்செயல் அல்ல. 2009 இல் இருபத்தைந்து, முப்பது வயதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். பித்தப்பைக் கல் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருவது; நாற்பதைத் தாண்டினால் அந்தச் சாத்தியம் இன்னும் கூடும். காயப்பட்ட ஒரு தலைமுறை இப்போதுதான் ஸ்கானுக்கும் கிளினிக்குக்கும் வரிசையாக வந்துகொண்டிருக்கிறது. பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தள்ளிப்போட்ட கேள்வி கிளினிக் மேசையில் வந்து நிற்கிறது.

அந்த மேசையில் நடப்பதைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். கல் ஒன்று பித்தப்பையிலிருந்து நழுவிப் பித்தக்குழாயில் மாட்டிக்கொண்டதோ என்று சந்தேகம் வந்தால், எம்ஆர்சிபி என்ற படத்தை எடுக்கச் சொல்வார்கள். அது எம்ஆர்ஐ இயந்திரத்தில் எடுப்பது; இயந்திரம் முழுவதும் பலமான காந்தம். உள்ளே அனுப்ப முன் ஒரு படிவம் நிரப்பவேண்டும்.

“உடம்பில இரும்பு, உலோகம் ஏதும் இருக்கோ அம்மா?”

“ஓம் தம்பி, பீஸ் கிடக்கு.”

“எங்க? எத்தனை?”

“முதுகில ஒண்டு. மற்றது தெரியாது. அந்த நேரம் படம் ஒண்டும் எடுக்கேல்ல.”

அதோடு படிவம் நின்றுவிடுகிறது. கிளிப் டைட்டேனியம் என்றால் இயந்திரம் ஒன்றும் செய்யாது. எறிகணைத் துண்டு பெரும்பாலும் உருக்கு. காந்தம் அதை இழுக்கக்கூடும், சூடாக்கவும் கூடும். வருடக்கணக்காகத் தசைக்குள் தழும்பு கட்டிக் கிடக்கும் துண்டு அநேகமாக அசையாது. கண்ணிலோ மூளையிலோ முள்ளந்தண்டுக்குள்ளோ பெரிய இரத்தக்குழாயின் பக்கத்திலோ கிடந்தால் நிலைமை வேறு. கண்ணுக்குள் கிடந்த உலோகத் துகள் எம்ஆர்ஐக்குள் அசைந்து பார்வையைப் பறித்த சம்பவம் 1980களிலேயே மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே இயந்திரத்தை இயக்குபவர் தயங்குவது நியாயம். தெரியாத ஒன்றுக்கு அவர் பொறுப்பேற்க முடியாது. அந்தத் தயக்கத்தின் விலையைக் கொடுப்பவள், மஞ்சள் காமாலையோடு இன்னொரு திகதிக்குக் காத்திருக்கும் அந்தப் பெண்.

கிளிப்புக்கு மறுபடி வருவோம், அதிலும் எழுதவேண்டிய விடயம் இருக்கிறது. 1882 இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலில் பித்தப்பையை எடுத்தபோதும் அதன்பின் ஏறத்தாழ நூறு வருடமும், வயிற்றை நீளமாகக் கீறி, குழாயை நூலால் கட்டினார்கள். 1985 இல் ஜேர்மனியில் எரிக் மூஹே சிறு துளை வழியாக அதைச் செய்தார். 1990 இல் மும்பை ஜே.ஜே. வைத்தியசாலையில் தெஹம்டன் உத்வாடியா அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். துளை வழியாக நூல் முடிச்சுப் போடுவது சிரமம். அதனால் கிளிப் வழக்கத்துக்கு வந்தது. இன்று டைட்டேனியத்துக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் போன்ற பொருளில் செய்த கிளிப்புகளையும் வைக்கிறார்கள். அவை எக்ஸ்ரேயில் தெரியாது. அவற்றைப் பற்றிப் பின்னால் வரும் வைத்தியருக்குச் சொல்லக்கூடியது எழுதிய குறிப்பு மட்டும்தான்.

அரிதாக ஒன்று நடப்பதுண்டு. கிளிப் மெல்ல நகர்ந்து பித்தக்குழாய்க்குள் இறங்கி, அதைச் சுற்றி ஒரு கல் கட்டிக்கொள்ளும். மாதங்களுக்குப் பிறகும் நடக்கும், பத்து வருடத்துக்குப் பிறகும் நடக்கும். ‘பித்தப்பைதான் எடுத்தாச்சே, இனிக் கல் எப்பிடி வரும்?’ என்று நோயாளி நினைப்பார். வாயுக் குளிசையோடு இரண்டு மாதம் போகும். முதல் நாளே கிளிப்பைப் பற்றிய குறிப்பைக் காட்டியிருந்தால் அந்த இரண்டு மாதமும் வீணாகியிராது.

ஐரோப்பிய ஒன்றியத்தில், உடம்புக்குள் வைக்கும் கருவிகளுக்கு நோயாளியின் கையில் ஒரு அட்டை கொடுக்கவேண்டும் என்று 2017 இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் தையல், திருகாணி, தகடு ஆகியவற்றோடு கிளிப்பையும் விலக்கியிருக்கிறது. இது பிழையான விலக்கு என்பது எங்கள் கருத்து. சிறியது, தொந்தரவு இல்லாதது என்ற காரணத்தை உடம்புக்குச் சொந்தக்காரர் சொல்லலாம். மற்றவர் அவருக்காகத் தீர்மானிக்கக்கூடாது.

கருவியை உள்ளே மறந்து விடுவது வேறு குற்றம். கோழிக்கோடு அரச மருத்துவக் கல்லூரியில் 2017 இல் பிரசவ சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 2022 இல் ஒரு சத்திரசிகிச்சைக் கவ்வியை எடுத்தார்கள். ஐந்து வருட வலி. கவ்வி அந்தச் சத்திரசிகிச்சையின்போதுதான் உள்ளே போனது என்று பொலிஸ் சொன்னது, அரசு அமைத்த மருத்துவக் குழு மறுத்தது, அந்தத் தாய் வைத்தியசாலை வாசலில் நாட்கணக்காகக் குந்தியிருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2008 இல் கொண்டுவந்த சரிபார்ப்புப் பட்டியல், நோயாளி சத்திரசிகிச்சை அறையை விட்டுப் போக முன் கருவிகளும் பஞ்சுத் துணிகளும் சரியாக எண்ணப்பட்டதை உரத்து உறுதிசெய்யச் சொல்வது இப்படியொன்று நடக்கக்கூடாது என்றுதான். உள்ளே போனது எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று எண்ணுவது சத்திரசிகிச்சை அறையின் அடிப்படை ஒழுக்கம்.

வன்னியில் உள்ளே போனதை யார் எண்ணினார்கள்?

2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்தபோது வைத்தியசாலை ஏற்கெனவே இடம்பெயர்ந்திருந்தது. தர்மபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, புதுமாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று காயப்பட்டவர்களோடு சேர்ந்து வைத்தியசாலையும் ஓடிக்கொண்டிருந்தது. பெப்ரவரி தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலையின் மேல் எறிகணைகள் விழுந்ததைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு உலகத்துக்குச் சொன்னது. பெப்ரவரி 10 முதல் மே முற்பகுதி வரை அதே அமைப்பு 13,000க்கும் மேற்பட்ட காயக்காரரையும் நோயாளரையும் கூடப்போன உறவினரையும் கடல் வழியாக வெளியே கொண்டுபோனது. வைத்தியர்கள் வரதராஜாவும் சத்தியமூர்த்தியும் சண்முகராஜாவும் அவர்களோடு நின்ற தாதியரும் பள்ளிக்கூடக் கட்டடங்களில், மரங்களின் கீழ், மயக்க மருந்துக்கும் அன்ரிபயோட்டிக்குக்கும் தட்டுப்பாடு இருந்த நிலையில் கால்களை வெட்டினார்கள், வயிறுகளைத் தைத்தார்கள். மருந்து போகாமல் விட்டது தற்செயல் அல்ல. உணவும் மருந்தும், குறிப்பாகச் சத்திரசிகிச்சைக்கு வேண்டிய பொருட்களும், அரசாங்கத்தால் திட்டமிட்டு மறுக்கப்பட்டதாக ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதியது.

அந்த வைத்தியர்கள் துண்டுகளை உள்ளே விட்டுத் தைத்தார்கள். அதில் அவர்கள்மேல் ஒரு பழியும் இல்லை. இரத்தப் பெருக்கை நிறுத்து, உயிரைப் பிடி, அடுத்தவரைப் பார் என்பதுதான் போர்க்களத்துச் சத்திரசிகிச்சையின் விதி. அமைதிக் காலத்திலும் ஆழத்தில் கிடக்கும் துண்டைத் தோண்டி எடுப்பது, அதை விட்டுவிடுவதைவிடக் கூடுதல் சேதம் செய்வதுண்டு. மூட்டுக்குள் கிடப்பது, நரம்பை அழுத்துவது, சீழ் கட்டுவது, கண்ணில் இருப்பது ஆகியவற்றைத்தான் எடுக்கவேண்டும். மூட்டு நீரில் கிடக்கும் ஈயச் சன்னம் மெல்லக் கரைந்து இரத்தத்தில் நஞ்சாகும் என்பதால் அதையும் விடக்கூடாது. மற்றவை கிடக்கலாம். எந்தத் துண்டு எந்த வகை என்று தெரிந்தால்தான் இவ்வளவையும் தீர்மானிக்க முடியும். அந்த வைத்தியர்கள் 2009 யூலையில் தடுப்புக் காவலிலிருந்து கொழும்பில் பத்திரிகையாளர் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்திருந்ததைக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய நேரத்தில், போரின்போது இழப்புகளைப் பற்றி அவர்கள் சொன்னதை மறுக்க வைப்பதே அரசின் வேலையாக இருந்தது.

தீர்ப்பு இதுதான். மக்கள் நெருக்கமாக இருந்த இடத்தை, தானே பாதுகாப்பு வலயம் என்று பெயரிட்ட இடத்தை, எறிகணையால் அடித்த அரசு முதல் குற்றவாளி. சனத்தை வெளியேற விடாமல் மறித்து, வெளியேற முயன்றவர்களைச் சுட்டு, அவர்களைக் கேடயமாக வைத்த விடுதலைப் புலிகளும் குற்றவாளிகளே. அதே நிபுணர் குழு அதையும் எழுதியது. வன்னியில் சிலர் உடம்பில் கிடப்பது அந்தத் துவக்குகளின் சன்னம். அதைச் சொல்லாமல் விட்டு மற்றதை மட்டும் சொல்வது, காயப்பட்ட சனத்துக்குச் செய்யும் இன்னொரு அநியாயம். ஆனால் புலிகள் அமைப்பு இன்று இல்லை. அரசு இருக்கிறது. 2009 மே மாதத்துக்குப் பிறகு வந்த ஒவ்வொரு அரசாங்கமும், எத்தனை பேரின் உடம்பில் போர் கிடக்கிறது என்ற கணக்கைச் சனத்தின் முன் வைக்காமலே போய்விட்டது. முதல் குற்றம் மாதங்களில் முடிந்தது. இது இன்னும் நடக்கிறது.

முடியாது என்று சொல்ல வழியில்லை. முகமாலைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சிவப்புத் தடிகள் நட்டு, மண்ணை அங்குலம் அங்குலமாகக் கிண்டி, கண்டெடுத்த ஒவ்வொரு வெடிபொருளையும் குறித்து வைக்கிறார்கள். ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் என்று கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் வேலை செய்கின்றன. அந்தத் தகவல் எல்லாம் போய்ச் சேர ஒரு தேசிய நிலையமும் இருக்கிறது. எந்தக் காணித் துண்டில் எத்தனை சதுர மீற்றர் துப்புரவாயிற்று என்று கேட்டால் கணக்குச் சொல்வார்கள். மெச்சவேண்டிய வேலை. வெயிலில் முழங்காலில் நின்று அதைச் செய்கிறவர்களில் போரில் கணவரை இழந்த பெண்களும் இருக்கிறார்கள். இலங்கை 2017 இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலும் 2018 இல் கொத்துக்குண்டு உடன்படிக்கையிலும் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்களின் பராமரிப்பு பற்றி இரண்டும் பேசுகின்றன. பின்னது அவர்களைப் பற்றிய தரவைத் திரட்டும்படியும் சொல்கிறது. மண்ணுக்குள் கிடக்கும் இரும்பை இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்த நாடு, அந்த மண்ணில் நடமாடும் உடம்பை எழுதாமல் விட்டதற்கு அறியாமையைக் காரணம் காட்ட முடியாது.

காயப்பட்ட படையினருக்கு மருத்துவச் சபை இருக்கிறது, இராணுவ வைத்தியசாலை இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது, 1999 முதல் ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. அவர்களுக்கு அது கிடைப்பதில் எங்களுக்கு ஒரு பொறாமையும் இல்லை. ஏழைச் சிங்களக் கிராமங்களிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளின் உடம்பிலும் அதே இரும்புதான். புதுக்குடியிருப்புப் பெண்ணுக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வி. ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று வேலை செய்து, இரவில் இடுப்பைத் திருப்ப முடியாமல் படுப்பவள் அவள். வலிக்கு இரண்டு பனடோல் போட்டுக்கொண்டு, ‘பீஸ்தானே, பழகீட்டுது’ என்பாள். இந்தப் பழக்கத்தைச் சனத்தின் பொறுமை என்று மேடையில் புகழ்கிறவர்கள் தமிழ் அரசியல்வாதிகளிலும் உண்டு. முள்ளிவாய்க்கால் நினைவுநாளான மே 18 அன்று சுடரேற்றுவது கடமை. மே 19 அன்று சுகாதாரத் திணைக்களத்தின் படியேறி, ‘இவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்து எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்பதும் கடமை.

ஒரு பயம் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்லவேண்டும். போரின் முடிவில் மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களுக்கு 2,80,000 வரையான மக்களைக் கொண்டுபோய் அடைத்த நாட்களில், உடம்பிலுள்ள தழும்பே விசாரணைக்குக் காரணமாயிற்று. ‘இந்தக் காயம் எப்பிடி வந்தது? இயக்கத்தில இருந்தனியா?’ என்று சட்டையைக் கழற்றச் சொன்ன கேள்வி பலருக்கு இன்னும் காதில் கிடக்கிறது. வைத்தியரிடம்கூட முதுகைக் காட்டத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தங்கள் பெயரும் தழும்பும் ஒரு அரச பதிவேட்டில் சேர்வதை அவர்கள் விரும்பாவிட்டால் அந்தத் தயக்கத்துக்கு நியாயம் இருக்கிறது. ஆகவே குறிப்பு முதலில் நோயாளியின் கையில் இருக்கவேண்டும். வைத்தியசாலையில் இருக்கும் பிரதி மருத்துவ இரகசியமாகப் பூட்டப்படவேண்டும். இராணுவத்துக்கோ பொலிஸுக்கோ புலனாய்வுக்கோ அதைக் காட்டக்கூடாது என்று எழுத்தில் உத்தரவு வேண்டும். எப்படிக் காயம் வந்தது என்ற கேள்வி படிவத்தில் இருக்கவே கூடாது. எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, வலிக்கிறதா, மரத்துப்போகிறதா என்பவை போதும்.

இதற்குக் கொழும்பின் பெரிய மனம் தேவைப்படாது. வன்னியின் மாவட்ட வைத்தியசாலைகள் எக்ஸ்ரே எடுக்கக்கூடியவை. இரண்டு கோணத்தில் படம், துண்டுகளைக் குறித்த ஒரு உடற்படம், எம்ஆர்ஐக்குப் போகலாமா கூடாதா என்று கதிரியக்க வைத்தியரின் ஒரு வரி. நடமாடும் கிளினிக் ஒன்று மாத்தளன், முள்ளிவாய்க்கால், விசுவமடு, மாங்குளம் என்று ஊராகப் போனால் வர முடியாதவர்களும் வருவார்கள். 2018 இல் 34ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இழப்பீட்டு அலுவலகம் இந்தச் செலவை ஏற்கலாம். காசு கொடுப்பது மட்டும் இழப்பீடு அல்ல. உடம்பில் என்ன இருக்கிறது என்று அறிய வைப்பதும் அதில் சேரும். மாகாண சுகாதாரத் திணைக்களம் அவ்வளவுக்கும் காத்திராமல் கிளிப்பிலிருந்தே தொடங்கலாம். பித்தப்பை எடுத்துவிட்டு அனுப்பும்போது கொடுக்கும் டயக்னோசிஸ் அட்டையில் எத்தனை கிளிப், டைட்டேனியமா பிளாஸ்டிக்கா, எந்தத் திகதி, எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று நான்கு விடயத்தை எழுத ஒரு நிமிடம் போதும். அதை ஆங்கிலத்தில் மட்டும் எழுதாமல் தமிழிலும் எழுதவேண்டும். 1987 முதல் தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழி. அம்மாவின் அட்டையைப் பேரப்பிள்ளை வாசித்துச் சொல்லும் நிலை இருக்கக்கூடாது.

திணைக்களம் எழுந்திருக்கும்வரை வாசகர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பித்தப்பை எடுத்தவர்கள் அடுத்த கிளினிக்கில், ‘எனக்குள்ள கிளிப் வைச்சனீங்களோ டொக்டர், எத்தனை, என்ன சாமான்?’ என்று கேளுங்கள். கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுவியுங்கள். கேட்பது உங்கள் உரிமை, வைத்தியரை அவமதிப்பது அல்ல. பீஸ் கிடக்கிறவர்கள் எந்தப் பகுதியில் எக்ஸ்ரே எடுத்தாலும் படத்தையோ அறிக்கையின் பிரதியையோ கேட்டு வாங்கி, நனையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஸ்கானுக்குப் போகும்போது காந்தம் பாவிக்கும் இயந்திரமா என்று முதலில் கேளுங்கள், உள்ளே துண்டு இருக்கிறது என்பதை வெட்கப்படாமல் சொல்லுங்கள். கால் மரத்துப்போவது, தழும்பு சிவந்து வீங்குவது, மூட்டு வலி கூடுவது, கண்ணும் சிறுநீரும் மஞ்சளாவது இவற்றில் எது வந்தாலும் பழகிவிட்டது என்று இருக்கவேண்டாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.